கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் நாயிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

சாலையில் அடிபட்டுக் கிடந்த நாட்டு நாய் ஒன்றைத் தூக்கிவந்து, வைத்தியம் பார்த்து, தங்களோடே வைத்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் கேள்வி இது. மூன்று வாரம் ஆகியும் நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை, யாராவது கிட்டே போனால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறது, எட்டு வயது மகள் "நாமதானே அதைக் காப்பாத்தினோம், அப்புறம் ஏன் நம்மளைப் பிடிக்கல?" என்று கேட்டு அழுகிறாள். இதற்கு நடுவே வீட்டுப் பெரியவர் ஒருவர் "நாயைப் பார்த்து அன்பையும் பக்தியையும் கத்துக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். நடுங்கிக்கொண்டு கிடக்கும் ஒரு ஜீவனிடம் கற்றுக்கொள்ள அப்படி என்ன இருக்கிறது, இதெல்லாம் நாமாக ஏற்றிச் சொல்வதுதானா என்பது அவர்களுடைய சந்தேகம்.

நிறைய இருக்கிறது. ஆனால் "நாய் நன்றியுள்ள பிராணி" என்று சின்ன வகுப்பில் கட்டுரை எழுதுவோமே, அந்தப் பாடம் இல்லை. வாசலில் வாலாட்டிக்கொண்டு காத்திருக்கும் நாயைவிட இந்தக் கட்டிலடி நாயிடம்தான் நம்பிக்கை எப்படி உண்டாகிறது என்பதை ஆரம்பத்திலிருந்து பார்க்க முடியும். தெருவில் அடிபட்டதுகளை எடுத்துவந்து தேற்றி, சிலதை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, மற்றதை நல்ல குடும்பங்களாகப் பார்த்து அனுப்புகிற வேலையில் பல வருடமாக இருப்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மகளுக்கான பதில். நாம் காப்பாற்றினோம் என்பது நமக்குத்தான் தெரியும், நாய்க்குத் தெரியாது. அதன் பக்கம் நின்று நடந்ததை நினைத்துப் பாருங்கள்: காலில் உயிர்போகும் வலி, அந்த நேரத்தில் தலைமேல் ஒரு துணி விழுகிறது, முன்பின் தெரியாத கைகள் இறுக்கிப் பிடிக்கின்றன, ஆட்டோ சத்தம், பினாயில் வாடை அடிக்கும் அறை, ஊசி, மறுபடி ஊசி, அப்புறம் தப்பித்து ஓட வழியே இல்லாத நான்கு சுவர், அதற்குள் மிக்ஸி, குக்கர் விசில், டிவி. நாம் எதையெல்லாம் சேர்த்துக் காப்பாற்றியது என்கிறோமோ அது மொத்தமும் அதற்குப் பிடிபட்ட கதை. நன்றி சொல்ல வேண்டிய விஷயம் எதுவும் நடந்ததாகவே அதற்குத் தெரியாதபோது நன்றியை எப்படி எதிர்பார்ப்பது? அதற்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று ஆகிவிடாது, உங்களை இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். எட்டு வயதுக் குழந்தைக்கு இது நன்றாகவே புரியும், பெரியவர்களுக்குத்தான் கொஞ்சம் நேரமாகும்.

இன்னொன்றும் இருக்கிறது. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு நம் ஊர்த் தெருநாய்களையே பல வருடமாக ஆராய்ந்து வருகிறது. 2016இல் வந்த அவர்களுடைய ஓர் ஆய்வில் 364 குட்டிகளைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், ஏழு மாத வயதைத் தாண்டியவை 19 சதவீதம்தான், செத்த குட்டிகளில் பாதிக்கு மேல் மனிதர்களால்தான் செத்திருக்கின்றன. அதாவது வளர்ந்த தெருநாய் ஒன்று உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது என்றால், கூடப் பிறந்தவை அநேகமாக எல்லாம் போய் இது மட்டும் தப்பியிருக்கிறது, தப்பியதற்கு ஒரு காரணம் மனிதக் கையைக் கண்டால் விலகிப் போனதாக இருக்கலாம். அதன் உயிரைக் காத்துவந்த அந்தச் சந்தேகத்தைத்தான் நாம் இப்போது கைவிடச் சொல்லிக் கேட்கிறோம். சாதாரணமாகக் கேட்கிற விஷயமில்லை இது. இதை உணர்ந்தவர்கள் நாய் கிட்டே வரவில்லை என்று கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதே குழு 2017இல் செய்த இன்னொரு பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. முன்பின் தெரியாத ஆள் ஒருவர் தெருநாய்களிடம் திரும்பத் திரும்பப் போய், சிலதுக்கு உணவு கொடுத்தார், சிலதைத் தடவிக் கொடுத்தார். நாள் போகப் போக எந்த நாய்கள் அந்த ஆளை அதிகமாக நம்பின என்று பார்த்தால், தடவிக் கொடுக்கப்பட்டவை. சோறுதான் நாயை இழுக்கும் என்று நினைப்போம், டீக்கடையில் ஒரு பொறை வாங்கிப் போட்டால் பின்னாலேயே வரும் என்போம், வரவும் வரும், ஆனால் நம்பி வருவது வேறு. இதைப் படித்துவிட்டு உடனே கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் தடவப் போய்விடாதீர்கள், முக்கியமாக மகளை விடாதீர்கள். பயந்த நாய், ஓட வழியில்லாத நாய், அது கடித்தால் அதன்மேல் குற்றமில்லை. அப்படி ஏதாவது ஆகிவிட்டால், கீறலாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசியை ஆரம்பித்துவிட வேண்டும். வெறிநோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக நடக்காது, அதனால் இதில் நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கூடாது.

சரி, அப்படியென்றால் என்னதான் செய்வது? நாய் மீட்பில் இருப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: திகைப்பு அடங்க மூன்று நாள், வீட்டின் போக்கு பிடிபட மூன்று வாரம், இது நம் இடம் என்று தோன்ற மூன்று மாதம். சட்டமில்லை, குத்துமதிப்புதான். தெருவில் பல வருடம் இருந்தவற்றுக்கு இதைவிட அதிகமே ஆகும். இந்தக் காலத்தில் நீங்கள் செய்ய வேண்டியது மிகவும் கொஞ்சம். அதே கிண்ணத்தில் அதே இடத்தில் அதே நேரத்துக்குச் சாப்பாடு வையுங்கள், வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நகர்ந்துவிடுங்கள். அதே அறையில் தரையில் உட்காருங்கள், நாய்க்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள். போனை நோண்டலாம், கீரை ஆயலாம், மகள் வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படிக்கலாம். தலைக்கு மேலாகக் கை நீட்டக் கூடாது. அது தானாக வந்து மோந்து பார்த்த பிறகு, தாடைக்குக் கீழே, நெஞ்சுப் பக்கம் லேசாகத் தொடலாம், தொட்டதும் ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள், நகராமல் நின்றால் தொடரலாம். உதட்டை நக்கினால், கொட்டாவி விட்டால், கண்ணில் வெள்ளை தெரிந்தால், ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும் என்று சொல்கிறது, விட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது வேண்டாம் என்று விலகும்போது விலக விட வேண்டும். விலக முடியும் என்று தெரிந்த நாய்தான் கிட்டே வரும்.

எங்கள் வீட்டில் செம்பி என்று ஒருத்தி இருந்தாள். திருச்சியில் புறவழிச்சாலை ஓரம் பின்னங்கால் எலும்பு முறிந்து கிடந்தவள், செம்பு நிறம், ஒரு காது நுனியில் பழைய வெட்டு. கால் சரியாகிவிட்டது, ஆனால் பின்கட்டில் ஆட்டுக்கல்லுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. வேலைக்கு வரும் அக்கா துடைப்பத்தைக் கையில் எடுத்தாலே இருந்த இடத்தில் மூத்திரம் போய்விடுவாள். யாரோ அதனால் அடித்திருக்கிறார்கள், யார், எங்கே என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. நானும் மற்றவர்களும் பால், முட்டை, கோழிக் கழுத்து என்று என்னென்னவோ வைத்துக் கொஞ்சிக் கூப்பிட்டோம். அவள் கடைசியில் போய்ச் சேர்ந்தது அப்பாவிடம். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாய் என்றால் அவ்வளவாக ஆகாது, கூப்பிட்டதும் கிடையாது விரட்டியதும் கிடையாது. தினமும் விடியற்காலையில் பின்தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு திருவாசகம் படிப்பார், ராகமெல்லாம் இருக்காது, ஒரே சீரான குரல், ஒரே நேரம், முடித்ததும் எழுந்து காபிக்குப் போய்விடுவார். செம்பி முதலில் கல்லுக்குப் பின்னாலிருந்து மூக்கை மட்டும் நீட்டிப் படுத்தாள். அப்புறம் கல்லுக்கு இந்தப் பக்கம். அப்புறம் தாழ்வாரப் படி. ஒவ்வொரு இடத்திலும் நாள்கணக்கில் கிடந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த இடம். படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காலையில் அவர் பாதத்தின்மேல் தாடையை வைத்தாள், அவர் குனிந்து பார்க்கவில்லை, படிப்பதை நிறுத்தவுமில்லை, முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார், காபி ஆறிப்போனது.

"நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்குத் தாயிற் சிறந்த தயாவான தத்துவனே" என்று சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் பாடுகிறாரே, அந்த வரியைப் பற்றி அப்பா அந்த வாரம் சொன்னது எனக்கு மறக்காது. "இத்தனை வருஷம் இதை அடக்கத்துக்குச் சொன்னதுன்னு நெனச்சுப் படிச்சிருக்கேன். இவளைப் பார்த்த பிறகுதான் தெரியுது, எவ்வளவு பயந்து கிடந்திருப்பார் அந்த மனுஷன்." இது சரியான உரைதானா என்பதைப் படித்தவர்கள் சொல்லட்டும். எனக்கு அன்றிலிருந்து அந்த வரி இப்படித்தான் கேட்கிறது. தாழ்ந்து கிடப்பவன் எல்லாம் பணிந்து கிடக்கிறான் என்று இல்லை, பயத்தில் கிடப்பவனும் உண்டு, அவனிடம் தயவு வரும்போது அது துரத்திக்கொண்டு வராது, கிட்டே உட்கார்ந்து கொள்ளும்.

கடவுள் ஏன் பேசுவதில்லை, கூப்பிட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டு மனம் கசந்த காலம் எனக்கு இருந்தது. அம்மா கடைசியாகப் படுக்கையில் இருந்த மாதங்கள் அவை. செம்பி வந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. அப்பாவின் மௌனத்தை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று பக்கத்திலிருந்து பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது: அன்பாகக் கூப்பிட்ட நாங்கள் எல்லோரும் அவளுக்கு அச்சமாக இருந்தோம், கூப்பிடாதவர்தான் தாங்கக்கூடியவராக இருந்தார். அவர் கூப்பிடாததில்தான் அவள்மேல் அக்கறை இருந்தது. இதை வைத்து இறைவனின் மௌனத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மௌனம் என்றால் கைவிட்டதாகத்தான் அர்த்தம் என்று அதற்கு முன்னால் உறுதியாக நம்பியிருந்தேன், இப்போது அப்படி நம்பவில்லை. ஒரு நாய் எனக்குச் செய்த உதவி அது.

நம்பிக்கை போன இடத்தில் மறுபடி எப்படி வருகிறது என்பதற்கு மனோதத்துவத்தில் பிரபலமான ஓர் ஆய்வு உண்டு, துரதிர்ஷ்டவசமாக அதுவும் நாய்களை வதைத்துத்தான் நடந்தது. 1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர், தப்பவே முடியாதபடி கட்டிவைத்து மின் அதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்களைப் பிறகு எளிதாகத் தாண்டித் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவை தாண்டவில்லை. படுத்துக்கொண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொண்டே கிடந்தன. அந்தப் பக்கம் உணவைக் காட்டிக் கூப்பிட்டாலும் வரவில்லை. கழுத்தில் கயிற்றைக் கட்டிப் பலமுறை அந்தப் பக்கம் இழுத்துக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் தாமாக நகர ஆரம்பித்தன. எதைச் செய்தும் பயனில்லை என்பதை நாய்கள் கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கினார்கள், அது உலகம் முழுக்கப் பாடமாக ஓடியது. ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து 2016இல் அதே இருவரும் மூளை ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டுத் தங்கள் விளக்கத்தையே தலைகீழாக மாற்றினார்கள்: விடாமல் துன்பம் வந்தால் ஓய்ந்து கிடப்பதுதான் உடம்பின் இயல்பான பதில், அதை யாரும் கற்பதில்லை. நான் செய்வதால் ஏதோ மாறும் என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது.

ஒரு நாயைக்கூடத் தேற்றியிருப்பவர்களுக்கு இது புத்தகத்தில் படிக்கத் தேவையில்லாத விஷயம். உங்கள் நாய் ஓய்ந்து கிடப்பது அதன் குறையுமில்லை, அது எடுத்த முடிவுமில்லை. அதற்கு வேண்டியதெல்லாம் தான் செய்வதற்குப் பலன் கிடைக்கிற சின்னச் சின்ன அனுபவங்கள்: விலகினால் விடுகிறார்கள், கதவைப் பிறாண்டினால் திறக்கிறார்கள், வந்து மோந்தால் அடி விழவில்லை. (பரிசோதனையில் இழுத்தார்களே என்று நீங்கள் இழுக்காதீர்கள், வீட்டில் அதற்கு எந்தத் தேவையும் இல்லை.) மனிதர்களுக்கும் இதையேதான் சொல்வேன். துக்கத்தில் ஓய்ந்துபோய்ச் சாமி கும்பிடுவதையே விட்டுவிட்டவர்களைப் பார்த்து "உனக்கு நம்பிக்கை இல்லை" என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை. அவர்களுடைய நம்பிக்கை போய்விடவில்லை, உடம்பும் மனசும் ஓய்ந்திருக்கின்றன. அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்பவர்தான் வேண்டும், பிரசங்கம் செய்பவர் வேண்டாம்.

பெரியவர் சொன்ன பக்திக்கு வருகிறேன். நாயின் விசுவாசம் என்றாலே நம் நாட்டில் எல்லோரும் எடுத்துச் சொல்வது நாலடியார்: யானை பழகிப் பழகியும் பாகனையே கொல்லும், நாயோ "எறிந்தவேல் மெய்யதா வால்குழைக்கும்", தன்மேல் எறிந்த வேல் உடம்பில் தைத்து நிற்கும்போதே எறிந்தவனைப் பார்த்து வாலாட்டும். நட்புக்காகச் சொன்ன பாட்டு, அதன் அழகு பெரிது. ஆனால் அடிபட்ட நாய் அடித்தவனைப் பார்த்து வாலாட்டுவதை நேரில் பார்த்திருக்கிறேன், அது பார்க்கச் சகிக்காத காட்சி. உடம்பைத் தரையோடு தேய்த்துக்கொண்டு, காது பின்னால் ஒட்டிப்போய், வால் அடிவயிற்றுப் பக்கம் இறங்கி, நுனி மட்டும் வேகமாக ஆடும். அது "என்னை இன்னும் அடிக்காதே" என்று கெஞ்சுவது. இதை அன்பு என்று நினைத்துவிட்டால் அடிப்பவனுக்கு எவ்வளவு வசதி! வாலாட்டுவதெல்லாம் ஒன்றில்லை என்பதை 2007இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்களும் காட்டினார்கள், தன் வீட்டு ஆளைப் பார்க்கும்போது நாயின் வால் வலப்பக்கமாக அதிகம் சாய்ந்து ஆடுகிறது, மிரட்டலாகத் தெரியும் வேற்று நாயைப் பார்த்தால் இடப்பக்கமாக.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடித்தாலும் வாலாட்டும் நாயைக் காட்டி, அதைப்போல இரு என்று நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எவ்வளவோ காலமாகப் பாடம் நடத்தியாகிவிட்டது, கடவுள்மேல் பக்தி என்றாலும் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வாலாட்டுவதுதான் என்று ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. செம்பி கற்றுக்கொடுத்தது அதற்கு நேர் எதிர். பயம் குறையக் குறையத்தான் அவளிடம் அன்பு தெரிந்தது. சுருண்டு முதுகைச் சுவருக்குக் கொடுத்துத் தூங்கியவள், கூடத்தின் நடுவில் நான்கு காலையும் நீட்டி மல்லாந்து தூங்க ஆரம்பித்தாள். குரலே இல்லாதவள் என்று நினைத்திருந்தோம், திடீரென்று ஒரு நாள் பால்காரரைப் பார்த்துக் குரைத்தாள், வீடே சந்தோஷப்பட்டது, பால்காரரைத் தவிர. குரைப்பு என்றால் இந்த வாசல் என்னுடையது என்று பொருள். அடிமைக்கு அது வராது. கடைசியில் கண்ணைப் பார்க்க ஆரம்பித்தாள், நாங்கள் பார்க்காமலேயே. ஜப்பானில் 2015இல் நாகசாவா குழுவினர் செய்த ஆய்வில், நாயும் அதன் மனிதரும் அப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று கண்டார்கள், தாய்க்கும் சேய்க்கும் நடுவில் சுரக்கிற அதே ஹார்மோன். கையாலேயே ஊட்டி வளர்த்த ஓநாய்களிடம் அந்த விளைவு தெரியவில்லை.

இவ்வளவும் வந்த பிறகுதான் ஊசி நேரத்தில் அந்த நம்பிக்கை தெரியும். நம்பிக்கை வந்த நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பாருங்கள், நடுங்கும், மேஜையில் ஏற மறுக்கும், ஆனால் ஊசி குத்தும் நேரத்தில் முகத்தைக் கொண்டுவந்து உங்கள் அக்குளில் புதைத்துக்கொள்ளும். பிடித்துக் கொடுப்பதே நீங்கள்தான், வலிக்குக் காரணமான இடத்துக்குக் கூட்டிவந்ததும் நீங்கள்தான், அது உங்களிடமே ஒளிகிறது. உண்ணிக் காய்ச்சல் என்றால் என்ன, இந்த மருந்து எதற்கு என்று அதற்கு எந்தக் காலத்திலும் விளக்க முடியாது. எனக்குத் தெரிந்து பக்திக்கு மிக அருகில் வருகிற இடம் இதுதான். கவனியுங்கள், வேல் தைத்த நாயும் இதுவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றாகத் தெரியும், வலியைத் தந்தவரையே அண்டுகிறது. ஆனால் இதற்குப் பின்னால் மாதக்கணக்கில் தவறாமல் வைத்த சோறும், விலகினால் விட்ட கையும் இருக்கின்றன. அந்த முதலீடு இல்லாமல் இந்த நம்பிக்கையைக் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. அதே சமயம், நாய்க்கு நாம்தான் கடவுள் என்று சிலர் உருகுவார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. நமக்குக் கோபம் வரும், மறதி வரும், ஊருக்குப் போவோம், ஒரு நாள் போயே போய்விடுவோம். நம் கை எவ்வளவு சின்னது என்று தெரிந்த பிறகும் ஒரு உயிர் அதை நம்புகிறதே என்பதுதான் என்னைப் பெரியதொரு கையைத் தேட வைத்தது.

சில நாய்கள் வரவே வராது, இதையும் சொல்லியாக வேண்டும். வருடக்கணக்கில் ஒரே வீட்டில் சாப்பிட்டும் தொடவிடாத நாய்கள் உண்டு, குட்டியாக இருந்தபோது மனிதக் கை படாமலே வளர்ந்தவை அநேகமாக அப்படித்தான் இருக்கும். அதற்காக நீங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. அதற்கு வெயில் படாத மூலை இருக்கிறது, வயிறு நிறைகிறது, யாரும் அடிப்பதில்லை. மடியில் வந்து படுப்பதுதான் கூலி என்று கணக்கு வைத்துக்கொண்டு வளர்ப்பவர்கள்தான் ஆறு மாதத்தில் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுகிறார்கள். வீடு மாற்றுகிறோம், வாடகை வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, குழந்தை பிறக்கப்போகிறது, வயதாகி நாற்றம் அடிக்கிறது. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய லாப்ரடார்களும் ஹஸ்கிகளும் கழுத்துப் பட்டையோடு சாலையில் நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரியும், தெருவில் பிறந்ததுக்குத் தெருவில் பிழைக்கவாவது தெரியும், இதுகளுக்கு எதுவும் தெரியாது.

மகாபாரதத்தில் தருமன் இமயமலைப் பாதையில் நடக்கும் கதை எல்லோருக்கும் தெரியும். மனைவியும் தம்பிகளும் ஒவ்வொருவராக விழுந்துவிட, அஸ்தினாபுரத்திலிருந்து பின்னாலேயே வந்த ஒரு நாய் மட்டும் மிஞ்சுகிறது. இந்திரன் தேரோடு வந்து, சொர்க்கத்தில் நாய்க்கு இடமில்லை, விட்டுவிட்டு ஏறு என்கிறான். தருமன் மறுக்கிறான். நாய் என்மேல் அன்பாக இருந்தது, அதனால் விடமாட்டேன் என்பதோடு அவன் நிறுத்தவில்லை. நம்பி வந்ததைக் கைவிடுவது, அடைக்கலம் வந்தவனைப் பயமுறுத்துவதற்கும் நண்பனுக்குத் துரோகம் செய்வதற்கும் சமமான பாவம் என்கிறான். அந்த நாயை அவன் கூப்பிடவில்லை, வழியில் அதைக் கொஞ்சியதாகவும் கதையில் இல்லை. அவன் அன்பு என்பது அந்த ஒரு மறுப்பில்தான் இருக்கிறது, அதுவும் சொர்க்கத்தையே விலையாகக் கேட்ட நேரத்தில். நம்மிடம் யாரும் சொர்க்கத்தைக் கேட்கவில்லை, கொஞ்சம் தூக்கம், கொஞ்சம் பணம், சில பயணங்கள், வீட்டு ஓனரோடு சில வாக்குவாதங்கள், அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

உங்கள் வீட்டு நாய் விஷயத்தில் இப்போதைக்குக் கவனிக்க வேண்டியவை இவை. காது நுனியில் வெட்டு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அநேகமாக ஏற்கெனவே கருத்தடை ஆனது, இல்லாவிட்டால் காலும் உடம்பும் தேறியதும் செய்துவிடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி, பார்வோ, டிஸ்டம்பர் என்ற நாய் நோய்களுக்குச் சேர்த்துப் போடும் தடுப்பூசி இரண்டையும் மருத்துவர் சொல்கிற கணக்கில் போட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள், குடற்புழு மாத்திரையும் உண்ணி மருந்தும் சேர்த்து. வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகாது. தீபாவளி வருவதற்கு முன்னாலேயே மருத்துவரிடம் பேசிவையுங்கள், வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிக் காணாமல் போகும் நாய்கள் ஏராளம், அந்தச் சில நாளும் அதைக் கட்டிலுக்கு அடியிலேயே இருக்க விடுங்கள், ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை வேகமாக ஓட விடுங்கள், கழுத்துப் பட்டையில் போன் நம்பரை இப்போதே எழுதிவிடுங்கள்.